கரண்டியைத் தொடுங்க

"இந்தப் பெயின்ட் எப்பத்தானுங்க காயும்?"

"நீங்க தொடறதை நிறுத்தினதுக்கு அப்புறம்."

கேட்டவர் சென்னியப்பன். ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். பதில் சொன்னவர் பல் டாக்டர் அமுதவல்லி. அவரைவிடப் பதினைந்து வயசாவது இளையவர்.

இருவருக்கும் நடுவில் மேஜைமேல் ஒரு குட்டி விமானம். உள்ளங்கையில் வைத்தால் மூக்கு மட்டும் வெளியே நீட்டும். புதுச் சில்வர் டம்ளர் மாதிரி பளபளவென்று இருந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

டாக்டர் பல் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தார்.

"ரேகை நல்லா விழுந்திருக்குதுங்ணா. பத்திர ஆபீசுல வெச்சாக்கூட இத்தனை தெளிவா விழுகாது."

சென்னியப்பன் கட்டைவிரலை வேட்டியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தார்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடி என்று அர்த்தம். போன ஞாயிற்றுக்கிழமையும் இதுதான் நடந்தது. அதற்கு முந்தின ஞாயிறும் இதேதான்.

*

சூலூரில் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பல் ஆஸ்பத்திரி. தலைக்கு மேலே ஒரு விமானம் போனால், அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் வாயைப் பிளந்தவர் பிளந்தபடியே இருக்க வேண்டியதுதான்.

பின்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. நிறைய பிளாஸ்டிக் விமானங்கள். எல்லாம் டாக்டர் தன் கையால் ஒட்டி, பெயின்ட் அடித்தவை. அவற்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நிஜ விமானத்தைத் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசை உள்ளவர்கள் அங்கே வந்து உட்கார்வார்கள்.

சென்னியப்பனுக்கும் வாலிபத்தில் அந்தப் பித்து இருந்தது.

இந்த விமானம் நாட் என்கிற சின்னப் போர்விமானத்தின் பொம்மை. கல்யாணமான புதுசில் வாங்கினார். பாகங்களையெல்லாம் ஒட்டி முடித்துப் பெயின்ட் டப்பாவைத் திறந்த சமயத்தில் மகள் பிறந்தாள். தின்னர் நெடிக்குப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. அட்டைப் பெட்டியோடு தூக்கிப் பரணில் போட்டார்.

போட்டது போட்டதுதான். அந்தப் பிள்ளைக்கே இப்போது கல்யாண வயசு.

பேர் சுகந்தி. எல்லாம் பேசி முடித்து, நிச்சயதார்த்தத்துக்கு மண்டபமும் சொல்லியான பிறகு, வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டால், "எனக்கே இன்னும் சொல்லத் தெரியலைப்பா" என்றாள்.

சென்னியப்பன் கத்தினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி, அவர்கள் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்று கத்தினார்.

அவள் ஓசூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பையைத் தூக்குகிறபோது ஒன்று சொன்னாள்.

"நானா வர்றேன்ப்பா. அது வரைக்கும் நோண்டாதீங்க."

மனுசரால் முடிந்ததா? விடிந்தால் போன். "சாப்பிட்டயா அம்மிணி?" பொழுது சாய்ந்தால் போன். "என்ன முடிவு பண்ணினே?"

கொஞ்ச நாளில் அவள் காலைப் போனை எடுக்காமல் விட்டாள். பிறகு சாயங்காலப் போனையும்.

மணி அடித்து அடித்து ஓய்ந்துபோன போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சும்மா இருக்கத் தெரியாத கை அது. நாற்பது வருசம் மிசினுக்குள் விட்டுப் பழகிய கை. ஏணியைப் போட்டுப் பரண்மேல் ஏறிவிட்டார்.

*

வெள்ளிப் பெயின்ட் பொல்லாதது. அடியில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் மறைக்காது, ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதனால் உப்புத்தாளால் நைசாகத் தேய்த்து, சாம்பல் நிறத்தில் ஓர் அடிப்பூச்சு அடித்து, அது காய்ந்து, அதற்கு மேலே வெள்ளி.

அதெல்லாம் சென்னியப்பனுக்குக் கை மறக்கவில்லை. பெயின்டைப் பீச்சுகிற ஏர்பிரஷைப் பிடித்தாரென்றால் பனி இறங்குகிற மாதிரி இறங்கும். அடித்து முடித்துத் தூசி விழாமல் சமையல்கட்டுப் பாத்திரம், ஒரு போசியைக் கவிழ்த்து மூடிவைப்பார்.

பிறகுதான் வினை.

போன் போடுவார். மகள் எடுக்க மாட்டாள். எழுந்து போய்ப் போசியைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். காய்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமே. லேசாக, பட்டும் படாமல், கட்டைவிரலை...

"ரசம் வெக்கப் போசி இல்லை" என்பாள் சம்சாரம் சரசு. "அதுக்குள்ள என்ன முட்டையா இருக்குது? நீங்க தூக்கித் தூக்கிப் பார்த்தா கோழிகூட அடை காக்காது."

*

அடுத்த ஞாயிறும் ரேகையோடுதான் போனார்.

டாக்டர் முன்னறையில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் வலி என்று வந்தால் விடமாட்டார். பிடுங்கி முடித்துப் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

"கையை வெக்காதீங்க. நாக்கால அந்தக் குழியைத் தடவாதீங்க."

அந்த ஆள் தலையாட்டினார். தலையாட்டும்போதே கன்னத்துக்குள் நாக்கு நகர்வது வெளியே தெரிந்தது.

"போகுது பாருங்க" என்றார் டாக்டர்.

அந்த ஆள் பஞ்சோடு சிரித்தார். நாக்கு மறுபடி போனது.

"அங்கே பல்லு இல்லீங்க. நூறு தடவை தேடினாலும் இல்லை. ஆறட்டும், விடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனின் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. போனை எடுத்து, மகள் பேரைத் தட்டி, காதில் வைத்திருந்தார்.

டாக்டர் அதையும் பார்த்தார்.

பின்னறைக்குப் போனதும் உப்புத்தாளை எடுத்து வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார். ஒரு பிளாஸ்டிக் கரண்டி. பல் பிடுங்கினவர்களுக்கு ஐஸ்கிரீம் தின்னக் கொடுப்பது.

"இது எதுக்குங்க?"

"விமானத்துக்கு அடிக்கிறப்ப இதுக்கும் அடிங்க. ஒரே பெயின்ட், ஒரே நேரம். பக்கத்துல வெச்சிருங்க."

"வெச்சு?"

"கை அரிச்சா, கரண்டியைத் தொடுங்க."

*

அந்த வாரம் கரண்டி பட்ட பாடு சொல்லி முடியாது. அதன் குழியில் ரேகைமேல் ரேகை. முன்பக்கம் இடமில்லாமல் பின்பக்கமும் ரேகை. விமானம் மட்டும் போசிக்கடியில் பத்திரமாக இருந்தது.

ஆனால் திறந்து பார்த்தபோது வாலில் ஓர் இடத்தில் பெயின்ட் வழிந்து திரண்டிருந்தது. அவசரத்தில் அடித்தது. மகள் அன்றைக்கும் போனை எடுக்கவில்லை.

கரண்டியையும் விமானத்தையும் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தார்.

"இதுக்குக் கரண்டி குடுத்தீங்க. சரி." போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "இதுக்கு ஒரு கரண்டி இருக்குதுங்களா?"

மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடிந்ததும் டாக்டர் போனை எடுத்துத் தன் நம்பரைப் போட்டு, மகள் பேருக்கு மேலே வருகிற மாதிரி செய்து கொடுத்தார்.

"எனக்குப் பண்ணுங்க."

மறுநாள் விடிந்ததும் பண்ணினார்.

"வலிக்குதுங்களா?"

"ஆமாங்க."

"ரத்தம் வருதா?"

"இல்லீங்க."

"அப்ப வைங்க."

சாயங்காலமும் பண்ணினார். பின்னால் மிசின் சத்தம் கேட்டது.

"ஒருத்தர் வாய்க்குள்ள கையை வெச்சிருக்கேன். வலிக்குதுங்களா?"

"கொஞ்சம்."

"இவருக்கு நிறைய. வைங்க."

சரசுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. "அப்படி என்ன பேசறீங்க அந்த டாக்டரம்மாகிட்ட, உங்களுக்குத்தான் பாதிப் பல்லு கட்டின பல்லாச்சே?"

நாளாக நாளாகப் போன் குறைந்தது. ஒரு நாள் டாக்டரே கூப்பிட்டார்.

"என்னங்ணா, சத்தத்தையே காணோம். வலி போயிருச்சா?"

"வலிக்குதுங்க. நாக்குத்தான் போகலை."

டாக்டர் போனை வைத்துவிட்டார்.

*

ஒரு சனிக்கிழமை காலையில் சென்னியப்பன் விமானத்துக்குக் கடைசிப் பூச்சு அடித்தார். அதுவரை அடித்ததெல்லாம் ஒரு கணக்கு, இது ஒரு கணக்கு. ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு தூசி விழவில்லை. ஜன்னல் வெளிச்சம் இறக்கைமேல் விழுந்து அப்படியே நின்றது. பரணில் கிடந்த காலமெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்த மாதிரி இருந்தது.

போசியைக் கவிழ்த்தார். பக்கத்தில் கரண்டி. மத்தியானம் ஒரு தடவை கரண்டியைத் தொட்டார். ஒட்டியது. அப்படியே விட்டுவிட்டு வந்து பேப்பர் படித்தார். சத்தியமாகப் படித்தார்.

மூன்று மணி வாக்கில் வாசல் கேட் சத்தம்.

சுகந்தி.

செருப்பைக் கழற்றினாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, போனே வரலை? உடம்புக்கு ஏதோன்னு நெனச்சுட்டேன்."

"ஒண்ணுமில்லையே கண்ணு."

"ஒண்ணுமில்லாம நீங்க எப்படிப் பண்ணாம இருப்பீங்க?"

சரசு அக்கம்பக்கத்தில் எங்கோ போயிருந்தாள். பஸ்ஸில் வந்த பசியோடு சுகந்தி நேரே உள்ளே போனாள். சாப்பாட்டு மேஜைமேல் போசி கவிழ்ந்திருந்தது. அம்மா எதையோ மூடிவைத்திருக்கிறாள் என்று தூக்கினாள்.

சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

அவள் விமானத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

தொடாதே என்கிற சொல் அவர் பல் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

"ஏப்பா, இது பரண்மேல கெடந்த பெட்டியில இருந்ததுதானே? நான் சின்னதுல கேட்டப்ப, தொட்டீன்னா கையை ஒடிச்சுப் போடுவேன்னீங்களே."

"அதுதான்."

அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். கட்டைவிரல் முழுக்க வெள்ளி.

"ஈரமா இருக்குதுப்பா."

"ஆமா."

"அய்யோ, கெடுத்துப் போட்டனா?"

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டியது அத்தனையும் இருந்தது. மண்டபம், மாப்பிள்ளை வீடு, இனி என்ன, எப்போ. எல்லாம் வாய்க்குள்ளேயே சுற்றி வந்தது.

"தோசை ஊத்தட்டுமா?" என்றார்.

அவள் விமானத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊத்துங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

*

மறுவாரம் ஞாயிறு. சென்னியப்பன் விமானத்தை மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார். அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்தார். இறக்கைக்கு வந்தபோது லென்ஸ் நின்றது.

"அடிச்சதுல குத்தமே இல்லீங்ணா. இதுல மட்டும் ஒரு ரேகை."

"ஆமாங்க."

"சின்னதா இருக்குது. உங்களுது இல்லையே."

"இல்லீங்க."

டாக்டர் இழுப்பறையைத் திறந்தார். உப்புத்தாளை எடுத்து, எப்போதும் போல அவர் முன்னால் வைத்தார். விமானத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

சென்னியப்பன் விமானத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"தொடாதீங்கம்மா. காஞ்சிருச்சு."

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பியது.

"அப்ப, என் கரண்டியைக் குடுத்துட்டுப் போங்க."