சிறைக்குப் போன சம்டைம்ஸ்

கொன்றையூர் ராஜா சொக்கலிங்க பூபதிக்கு இங்கிலீஷ் கற்கும் ஆசை வந்தது. அரண்மனைக்குக் கெட்ட காலம். தேவசகாயம் வாத்தியார் வந்து பாடம் நடத்தினார். ஒரு காரியம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று சொல்வது எப்படி? 'ஆல்வேஸ்' என்றால் எப்போதும். 'யூஷுவலி' என்றால் பெரும்பாலும். 'சம்டைம்ஸ்' என்றால் சில சமயம்.

"உதாரணத்துக்கு, மகாராஜா சதுரங்கத்தில் யூஷுவலி ஜெயிக்கிறார்" என்றார் வாத்தியார்.

ராஜாவின் மீசை துடித்தது. "பெரும்பாலுமா? அப்போ மிச்ச நேரம் தோற்கிறேனா?"

உண்மை அதுதான். அதற்காக வாத்தியாரைச் சிறையில் போட்டாகிவிட்டது. "இனிமேல் என்னைப் பற்றிப் பேசினால் ஆல்வேஸ் மட்டும்தான். மற்றச் சொல்லெல்லாம் உள்ளேயே கிடக்கட்டும்" என்று உத்தரவு.

மந்திரி ஆவுடையப்பனுக்கு வாத்தியார் நல்ல சிநேகிதர். மனசு கேட்கவில்லை. உத்தரவை ஒரு எழுத்து மாறாமல் நிறைவேற்றக் கிளம்பினார்.

மறுநாள் சவரம் முடிந்த பிறகும் நாவிதர் நகரவில்லை.

"இப்பத்தானேப்பா வழிச்ச?"

"மகாராஜா ஆல்வேஸ் சவரம் பண்ணிக்கிறார்னு மந்திரி சொன்னாருங்க."

அடுத்த சவரத்தில் பாதி மீசை போயிற்று. சமையல்காரர் கொழுக்கட்டையோடு பின்னாலேயே திரிந்தார். குளிக்கப் போன இடத்திலும் நாதஸ்வரம் வாசித்தார்கள். உத்தரவை வாபஸ் வாங்கினால் மானம் போகுமே என்று ராஜா பல்லைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வாசலில் மாட்டுவண்டிகள் வந்து நின்றன. ராஜாவின் மாமியார் வெள்ளையம்மா நாச்சியார் இறங்கினார்.

"மாப்பிள்ளை என்னை ஆல்வேஸ் வரவேற்கிறார்னு மந்திரி ஆள் அனுப்பினார். அதான் ஆட்டுக்கல்லையும் ஏத்திட்டு வந்துட்டேன்."

ராஜா மந்திரியைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். மிச்சமிருந்த பாதி மீசை துடித்தது. "யோவ், அந்தச் சொல்லைக் கொண்டாரும்."

"எதை, மகாராஜா?"

"சம்டைம்ஸைத்தான்."

"அது வாத்தியாரோடு சிறையில் இருக்கிறதே."

"ரெண்டையும் வெளியே விடும்."

வாத்தியார் வந்தார். ராஜா அவருக்குத் தன் மோதிரத்தையே கழற்றிப் போட்டார். மந்திரிக்கும் சால்வை கிடைத்தது. பிறகு ராஜா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமியாரிடம் போனார்.

"அத்தே, சட்டம் மாறிடுச்சு. இனிமே ஆல்வேஸ் இல்லை, சம்டைம்ஸ்."

"அப்படின்னா?"

"சில சமயம்னு அர்த்தம்."

"அதுக்கென்ன மாப்பிள்ளை" என்றார் நாச்சியார், ஆட்டுக்கல்லை உள்ளே உருட்டச் சொல்லிக்கொண்டே. "சம்டைம்ஸ் ஊருக்குப் போயிட்டு வரேன்."