மேற்கே பார்த்த மேடை

முதலில் சத்தம்தான் வந்தது. காலி லாரி ஒன்று மரப்பாலத்தில் ஏறி இறங்கியதுபோல ஒரு சத்தம், மலைக்கு அப்பாலிருந்து. ஒருமுறை உருண்டு நின்றுவிட்டது.

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார். தன் வாத்தியத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தவர்போல மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. மாலை வெயில் மணல்மேல் மஞ்சளாகக் கிடந்தது.

அந்த மடம் ஓர் ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு என்று பேர்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். கோடையில் ஒரு நாள் அந்த மணலில் கச்சேரி நடக்கும். மேடையை எப்போதும் மேற்கே பார்த்துப் போடுவார்கள், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து. பாடுகிறவர் கண்ணில் வெயில் அடிக்கும். வருஷா வருஷம் யாராவது அதைச் சொல்லி முறையிடுவார்கள். மடத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேட்க வருகிறவர்களுக்குப் பாய், நாற்காலி கிடையாது. அவரவர் மணலைக் கையால் பறித்து ஒரு குழி செய்து, மேடையைப் பார்த்து, மேற்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள்.

கச்சேரிப் பொறுப்பு திருமேனியுடையது. பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்தவர் அவர். குரு ஞானாம்பாளைவிட வயதில் மூத்த சீடர். குரு அவரை ‘அய்யா’ என்பார். அவர் குருவை ‘அம்மா’ என்பார்.

சத்தம் இரண்டாம் முறை உருண்டது. கூடவே மேற்கிலிருந்து ஒரு காற்று. அதில் நனைந்த மண் வாசம்.

திருமேனி நின்றுவிட்டார். மலையில் மழை கொட்டினாலும் இங்கே வானம் நீலமாகவே இருக்கும். தண்ணீர் மட்டும் வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வருமா என்றும் சொல்ல முடியாது. சில வருஷம் பாதி வழியிலேயே மணல் அதைக் குடித்துவிடும்.

முன்வரிசையில் விழாக் கமிட்டித் தலைவர் பொன்னம்பலம் பட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். திருமேனி அவர் பக்கத்தில் குனிந்தார்.

“தலைவரே, மலையில இடி கேக்குது.”

“கேட்டுச்சு.”

“நிறுத்திரலாமா?”

பொன்னம்பலம் போனை எடுத்து வேட்டியில் துடைத்துக் காட்டினார். “மழை இல்லைன்னுதான் போட்டிருக்கு. இங்க பாரும்.”

“அது நம்ம ஊருக்கு. மலைக்கு?”

“மலைக்குப் போட்டிருந்தா மலையில இருக்கறவன் பாத்துக்குவான்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் குரலைத் தணித்தார். “உம்ம இஷ்டம் ஓய். நிறுத்துனா கமிட்டி நிறுத்துச்சுன்னு மட்டும் மைக்ல சொல்லிராதேயும்.”

“நடத்துனா?”

“அப்பவும் சொல்லிராதேயும்.”

மேடைக்குப் பின்னால் மைக்செட் இருதயராஜ் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

“தண்ணி வந்தா உன் பெட்டியெல்லாம் போயிரும் இருதயராஜ்.”

“போகும் அண்ணாச்சி.”

“கரண்ட் ஆபத்துன்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன். நிறுத்திருவோம்.”

“நான் எதுக்கு? எனக்குச் சத்தம் வைக்கத்தான் தெரியும். நிறுத்தச் சொல்ல வேற ஆளப் பாருங்க. வடை சாப்பிடுதியளா?”

மேடையில் பாடகர் அறவாழி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. அதற்குக் கீழே தழும்பு இருப்பது எல்லாருக்கும் தெரியும். தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனபிறகு இரண்டு வருஷமாக அவர் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவில்லை. இன்றுதான் திறக்கப்போகிறார். அதற்காகத்தான் இவ்வளவு கூட்டம்.

திருமேனி சொல்லத் தொடங்கும்முன்பே அவர் தலையசைத்தார்.

“நானும் கேட்டேன். சுருதி சுத்தமா இருந்துச்சு.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “காலையில எந்திரிச்சதும் பாத்தேன். குரல் இருந்துச்சு. நாளைக்கும் இருக்குமான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார். நீங்க பாடுன்னா பாடறேன். நிறுத்துன்னா நிறுத்தறேன். என்னை மட்டும் கேக்காதீங்க.”

குரு கரைமேல், மருத மரத்தடியில், பிந்தி வந்தவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். திருமேனி மூச்சு வாங்க மேலே ஏறிப் போனார்.

“அம்மா, நடத்தினா ஆபத்து வந்தாலும் வரும். நிறுத்தினா ஒண்ணுமே வராமப் போனாலும் போகும். எல்லாரையும் கேட்டுட்டேன். ஆளாளுக்கு நழுவுறாங்க. நீங்களாவது சொல்லுங்க. இதுக்கு யாரு பொறுப்பு?”

குரு கரண்டியைக் கீழே வைத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“எனக்குக் கச்சேரி கேக்கணும் அய்யா,” என்றார்.

சரிவில் இறங்கி மணலுக்குப் போனார். முன்வரிசையில் அவருக்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே போகவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். ஆறு வந்தால் முதலில் தொடும் வரிசை அது. அங்கே ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் குரு மணலைப் பறித்தார், ஒரு குழி செய்தார், மேற்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திருமேனி சற்று நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அது திரும்பவில்லை.

அவர் மேடைக்குப் போனார். ஏறினார். இத்தனை வருஷத்தில் அவர் அதன்மேல் ஏறி நிற்பது அதுதான் முதல் தடவை. கச்சேரி நாளெல்லாம் கீழே ஓடிக்கொண்டே இருப்பதுதான் அவர் வழக்கம்.

மேலே நின்றபோதுதான் தெரிந்தது. அத்தனை முகங்களும் அவரைப் பார்த்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் மணல் வெள்ளையாக, அகலமாக, வளைவு வரைக்கும் போய் மறைந்தது. ஒரு முகம்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில், சின்னதாக, குருவின் முகம். கண் மூடியே இருந்தது.

திருமேனி மைக்கைப் பிடித்தார்.

“எல்லாரும் கரைக்கு ஏறிருங்க. கச்சேரி இல்லை.”



“ஏன்?” என்று ஒரு குரல் கேட்டது.

வானிலை காரணமாக என்று சொல்லத்தான் வாயெடுத்தார். தலைக்குமேல் வானம் கழுவித் துடைத்த தட்டுபோல இருந்தது.

“நான் நிறுத்துறேன்,” என்றார். “நான், திருமேனி.”

அப்புறம்தான் இரைச்சல்.

“மழை எங்கய்யா? உம்ம சட்டைப்பையிலயா?”

“மூணு பஸ் மாறி வந்திருக்கேன்,” என்றாள் ஒரு அம்மாள், சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே. “இவருக்கு இடி கேட்டுச்சாம். எங்க வீட்டுக்காரருக்கும்தான் தினம் கேக்குது, வயித்துக்குள்ள.”

சிரிப்பும் ஏச்சுமாகக் கூட்டம் கரையேறியது. எல்லாருக்கும் முன்னால் இருதயராஜ் ஒயரைச் சுருட்டிப் பெட்டிகளை ஏற்றிவிட்டான். பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் குழந்தையைக் குரு வாங்கிக்கொண்டார். இருவரும் கடைசியாக ஏறி வந்தார்கள்.

திருமேனி அறவாழிக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். “அய்யா, மன்னிக்கணும். கரையில உக்காந்தாவது ரெண்டு பாட்டு...”

“இப்பப் பாடுனா கோபத்துல பாடுவேன். இந்தத் தொண்டை அதைத் தாங்காது.”

சால்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. அதுதான் திருமேனிக்கு அதிகம் வலித்தது.

பொன்னம்பலம் கடைசியாகப் போனார். “அடுத்த வருஷம் டவுன்ல, கல்யாண மண்டபத்துல வச்சுக்கிடுதோம். அங்க கூரை உண்டு. முக்கியமா, உம்ம காது கிடையாது.”

இருட்டியது. ஆறு வரவில்லை. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு மேகம் வந்து நின்றிருந்தால்கூட திருமேனிக்கு உபகாரமாக இருந்திருக்கும். வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

விடிந்தபோது அவர் மடத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டுத் தொட்டியை நிரப்புவது அவருடைய காலை வேலை. பாதித் தொட்டிதான் ஆகியிருந்தது. பாதத்தில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தார். எறும்புகள். வாயில் வெள்ளை முட்டைகளோடு, ஆற்றுப் பக்கமிருந்து வரிசையாகக் கரையேறி வந்துகொண்டிருந்தன.

அப்புறம் ஒரு சீற்றம். தூரத்தில் யாரோ பெரிய சட்டியில் பொரி வறுக்கிறதுபோல.

கயிற்றை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார். குரு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

வளைவில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. உயரமில்லை. கணுக்கால் அளவுதான். அது பாய்ந்து வரவில்லை, நடந்து வந்தது. ஆள் நடக்கிற வேகம். முன்னால் நுரை, சருகு, சுள்ளி. காய்ந்து கிடந்த மணல் வாயைத் திறந்து திறந்து குடித்தது. குடித்த இடமெல்லாம் கொப்புளம் வெடித்தது. வறுக்கிற சத்தம் அதுதான்.

நேற்று ஜனங்கள் உட்கார்ந்திருந்த குழிகள் அப்படியே இருந்தன. தண்ணீர் முதலில் கடைசி வரிசைக்கு வந்தது. குருவின் குழியில் இறங்கியது. நிரம்பியது. பக்கத்துக் குழியில் இறங்கியது. நிரம்பியது. அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. பிந்தி வந்த ஒரு கூட்டம் சத்தமில்லாமல் இடம் பார்த்து உட்காருவதுபோல, குழி குழியாக, வரிசை வரிசையாக. ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு வானம் இருந்தது.

முன்வரிசை நிரம்பியதும் அது மேடையைத் தொட்டது. மேடை அசையவில்லை.

அதன் பிறகுதான் ஆறு வந்தது. வளைவு முழுவதும் அடைத்துக்கொண்டு, கரைக்குக் கரை. சத்தம் காதை விட்டு நெஞ்சுக்குள் போய்விட்டது. வேரோடு ஒரு மரம் புரண்டு புரண்டு வந்தது. மேடை ஒரு பக்கம் எழும்பியது. மேற்கே பார்த்திருந்த அது நிதானமாகத் திரும்பியது. கிழக்கே பார்த்துக்கொண்டு, கலையாமல், அப்படியே மிதந்து போனது. கண்ணுக்கெட்டும் வரைக்கும் போனது.

திருமேனியின் கைகள் குவிந்திருந்தன. எப்போது குவிந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. குருவின் கைகளும் குவிந்திருந்தன. வெகுநேரம் இருவரும் அப்படியே நின்றார்கள்.

பிறகு திருமேனிக்கு மூச்சு திரும்பியது.

“வந்துருச்சு! அம்மா, பாத்தீங்களா, வந்துருச்சு!”

“பாத்தேன்.”

“நான் டவுனுக்குப் போயிட்டு வந்துடுறேன். தலைவரைக் கூட்டிட்டு வந்து காட்டணும். அறவாழி அய்யாவுக்குப் போன் பண்ணணும். நேத்து நான் நிறுத்தினது சரிதான்னு எல்லாருக்கும்...”

“கச்சேரி எத்தனை மணிக்கு முடியறதா இருந்துச்சு?”

ஓடத் தொடங்கியவர் நின்றார்.

“ஏழு மணிக்கு.”

“ஏழு மணிக்கு முடிஞ்சிருக்கும். எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாங்க,” என்றார் குரு. “அறவாழி அய்யா முழுசாப் பாடியிருப்பார்.”

திருமேனி கரையிலேயே உட்கார்ந்தார். ஆறு போய்க்கொண்டிருந்தது.

“அப்ப நான் நிறுத்தினது தப்பா?”

“ஆறு மணிக்கே வந்திருந்தாலும் வந்திருக்கும்.”

“அப்பச் சரியா?”

குரு தண்ணீரைப் பார்த்தார்.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. தப்புன்னாலும் பரவாயில்லை, தாங்கிக்குவேன். சரியும் இல்லாம தப்பும் இல்லாம இதை நான் எப்படி வச்சுக்கிட்டு இருப்பேன்?”

“அதைத்தான் அய்யா நேத்து எல்லாரும் உங்க கையில குடுத்துட்டுத் தூங்கப் போனாங்க.”



வெயில் ஏறியது. புது வெள்ளம் கலங்கல், சமையலுக்கு ஆகாது. திருமேனி எழுந்து கிணற்றடிக்குப் போனார். உள்ளே விழுந்து கிடந்த வாளியைக் கயிற்றால் துழாவிப் பிடித்து, இறைக்கத் தொடங்கினார்.