கயிறு யார் கையில்?

முன்னொரு காலத்தில் சங்குத்துறை என்ற கடலோரச் சீமையை விடங்கவர்மன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாலும் அவர் சொன்னதே அவனுக்குச் சரி.

போன பருவத்தில், மேலே இழுக்க வேண்டிய கயிற்றைப் படகில் பிடித்திருந்தவன் தூங்கிவிட்டதால், சங்கு குளிக்க இறங்கிய ஒருவன் கடலோடு போனான். மன்னன் பதறிப்போய் ஒரு சட்டம் கேட்டான். மந்திரி திருமேனியார் மேல் எப்போதும் வயிற்றெரிச்சல் கொண்ட துறை அதிகாரி ஏகாம்பரர் முந்திக்கொண்டார். தேர்வில் வென்று செப்பு மோதிரம் வாங்கியவன்தான் கயிறு பிடிக்கலாம். உறவினர் தொடவே கூடாது. இதுதான் சட்டம். மோதிரம் வாங்கியவர்களோ அத்தனை பேரும் அவருடைய ஆட்கள்.

குளிப்பு தொடங்கும் நாளில் வேம்பன் என்ற குளியாள் இறங்க மறுத்தான். ஏகாம்பரர் அவனைச் சிறையில் தள்ளினார். அவன் மனைவி பவளம் சபைக்கு ஓடி வந்தாள்.

"சாமி, எங்க வழக்கத்துல பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன்தான் கயிறு பிடிப்பான். முன்னப்பின்ன தெரியாதவன் கையில எம்புருசன் உசுரக் குடுக்கச் சொல்றீங்களே!"

"நியாயம்தானே" என்றான் மன்னன்.

"பாசம் இருந்தால் கை நடுங்கும், மன்னா" என்றார் ஏகாம்பரர்.

"அட, ஆமாம்!"

"பாசம் இருந்தால்தான் கண் அயராது, மன்னா" என்றார் திருமேனியார்.

"அதுவும் ஆமாம்!"

மன்னனுக்குத் தலை சுற்றியது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "யாராவது ஒருவர் தப்பாகப் பேசித் தொலையுங்களேன்!"

"சட்டம் எழுதியவரே கடலில் இறங்கிக் காட்டட்டும்" என்றார் மந்திரி.

"பிரமாதம்!"

சபையே கடலுக்குப் போயிற்று. ஏகாம்பரர் இடுப்பில் கயிறு, காலில் கல். மோதிரக்காரர்களில் முதல்வனான ரங்கப்பன் கயிற்றை வாங்கினான். வாங்கியவன், மன்னன் தன்னைப் பார்க்கிறானா என்று திரும்பித் திரும்பிக் கும்பிட்டான். ஏகாம்பரர் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"நிறுத்துங்கள்! அரண்மனைச் சமையற்கட்டில் என் மச்சான் பொன்னையன் இருப்பான். உடனே கூட்டி வாருங்கள்!"

"அவனிடம் மோதிரம் இல்லையே?" மன்னன் விழித்தான்.

"மோதிரம் கிடக்கட்டும், மன்னா! கயிற்றை விட்டால் அவன் தங்கச்சி தாலியல்லவா போகும்!"

கடற்கரையே சிரித்தது. மன்னனுக்கு ஏதோ புரிந்தாற்போல இருந்தது. உடனே அதுவும் குழம்பியது. "ஆனால் பொன்னையனுக்கு ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாதே?"

"அதனால்தான் தேர்வும் வேண்டும், மன்னா. ஆளைக் குளியாள் சொல்லட்டும். தேர்வை நாம் வைப்போம்" என்றார் மந்திரி.

"அப்படியானால் இரண்டு பேர் சொன்னதும் சரியா? இதை முதலிலேயே சொல்வதற்கென்ன!" என்று கோபித்துக்கொண்டே, மந்திரிக்கு வலம்புரிச் சங்கைப் பரிசளித்தான். வேம்பனை விடுவித்தார்கள். பவளத்தின் அண்ணன் அன்றே தேர்வில் தேறிக் கயிறு பிடித்தான். வேம்பன் இறங்கினான், மடி நிறையச் சங்கோடு ஏறியும் வந்தான்.

"சட்டம் எழுதியவரும் ஒரு முங்கு முங்கியாக வேண்டும்" என்றான் மன்னன்.

பொன்னையன் வந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். இறக்கவில்லை.

"மாப்பிள்ளை, ஆடிக்கு என் தங்கச்சியை ஏன் பொறந்த வீட்டுக்கு அனுப்பலை?"

"நானே கொண்டுவந்து விடுறேன் மச்சான்! கயித்தை மட்டும் கெட்டியாப் பிடிங்க!"