வடைக்கடையில் ஒருநாள் வரி அதிகாரி

அம்மன்மேல் ஆணை, சோற்றின்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது! பொய்யென்று எவனாவது காட்டிவிட்டால், எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லையும் பிடுங்கிக்கொண்டு போகலாம்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், தும்பைநாடு என்ற சீமையை மகரந்த பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒரு வெள்ளிக்கிழமை கடைத்தெரு வழியே யானைமேல் ஊர்வலம் போனார். மொத்தம் நாற்பது கடை. அதில் முப்பத்தொன்றில் பூட்டுத் தொங்கியது. யானைக்கு வழக்கமாகப் பழம் நீட்டும் கடையும் மூடிக்கிடக்க, அது துதிக்கையால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தது.

"என் ஊரில் கடைகள் ஏன் ஐயா மூடிக்கிடக்கின்றன?" என்று சபையில் கேட்டார் ராஜா.

வரி அதிகாரி தாண்டவராயர் எழுந்தார். ஊரில் எவர் பெயரெடுத்தாலும் வயிறு எரிகிற ஆசாமி அவர்.

"சோம்பல், மகாராஜா! எண்ணெய் விலை ஏறிப்போச்சு, விறகு விலை ஏறிப்போச்சு என்று மூக்கைச் சிந்துகிறார்கள். ஓர் ஆணை போடுங்கள். விலையை ஏற்றக்கூடாது, அளவைக் குறைக்கக்கூடாது, பகலில் கடையைச் சாத்தக்கூடாது. சாத்தினால் கடை பறிமுதல். சாத்தினவர் கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து ஊரைச் சுற்றவேண்டும்!"

"பேஷ்!" என்றார் ராஜா. முத்திரை விழுந்தது.

மறுநாளே மாட்டிக்கொண்டவள் வடைக்கடை செம்பாயி. மத்தியானமே கடையைச் சாத்தினாள் என்று சபைக்கு இழுத்துவந்தார்கள். வாசலில் கழுதை தயார்.

"இருபது வருஷக் கடை, மகாராசா. ஆசைக்கா சாத்துவேன்? பழைய விலைக்கு வடை சுட்டா, விக்கிற ஒவ்வொரு வடைக்கும் என் சோத்துப்பானையில ஒரு பிடி குறையுது."

"நடிப்பு!" என்றார் தாண்டவராயர். "சாமர்த்தியம் இருந்தால் இதே விலைக்கு ஓகோவென்று நடத்தலாம்."

செம்பாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தச் சாமர்த்தியந்தான் நமக்கு இல்லைங்களே. அய்யா ஒரே ஒரு நாள் என் கடையில உக்காந்து காட்டட்டும். மாவு ஆட்டித் தர்றேன், சுட ஆள் தர்றேன். பொழுது சாயிற வரைக்கும் கடை திறந்திருந்தா, நான் கழுதை ஏறுறேன், கடையையும் எழுதித் தர்றேன். அய்யா சாத்திட்டா, அய்யாவுக்கும் அதே சட்டம்."

ராஜா கைதட்டிச் சிரித்தார். சபையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தாண்டவராயரால் முடியாதென்று சொல்லமுடியுமா?

விடிந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். வடை பறந்தது. முதல் ஈடு தீர்வதற்குள் ஒரு சேவகன் வந்து நின்றான்.

"நிழல் வரி, அய்யா."

"என்னடா நிழல்?"

"கடைப் பந்தல் நிழல் தெருவில விழுதுங்களே."

"எந்த மடையன் போட்ட வரி இது?"

சேவகன் தலையைச் சொறிந்தான். "போன ஆடியில நீங்கதான்..."

கொடுத்தார். அடுத்தவன் புகை வரிக்கு வந்தான். அதற்கடுத்தவன் வடை வாசனை எத்தனை வீடு தாண்டுகிறது என்று தெருக்கோடிவரை மோந்துகொண்டே போய், பதினேழு வீட்டுக்கு வாசனை வரி கேட்டான். விறகுக்காரன் விலையை ஏற்றிச் சொன்னான்.

"ஏனப்பா இவ்வளவு?"

"வண்டிச் சக்கரத்துக்கு வரிங்க. சக்கரத்தைக் கழட்டித் தலையில வெச்சு வந்தேன், தலைச்சுமைக்கு வரின்னுட்டாங்க."

தாண்டவராயர் யோசித்தார். புகை இருந்தால்தானே புகை வரி? "அடுப்பை அணை! வடையை வெயிலில் காயப்போடு!" என்று உத்தரவிட்டார். காய்ந்ததை ஒரு காக்கை வந்து கொத்தியது. கொத்தின காக்கை பக்கத்து நாட்டுக்கே பறந்துபோய்விட்டது, திரும்பவில்லை.

அப்போது அரண்மனை ஆள் பெரிய தூக்குச்சட்டியோடு வந்தான். "அரண்மனைப் பங்கு, அறுபது வடை."

"காசு?"

"மகாராஜாவுக்கே காசா!" என்று சிரித்தபடி அறுபதையும் அள்ளிப்போனான்.

உச்சிவேளையில் கல்லா காலி. மோதிரம் எண்ணெய்க்காரனிடம், பட்டு அங்கவஸ்திரம் உளுந்துக்காரனிடம். சாத்திவிடலாம் என்று எழுந்தால், எதிரே கழுதைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள் செம்பாயி. அந்த நேரம் பார்த்து மேல்காற்று கிளம்பி, கதவு தானாகச் சாத்தப்போனது. பாய்ந்துபோய் ஒரு கதவை முதுகாலும் மறு கதவை இரண்டு காலாலும் முட்டுக்கொடுத்து, நிலையில் சிக்கிய மூங்கில்போலக் குறுக்கே கிடந்தார்.

தாடையைப் பிடித்துக்கொண்டு ராஜா வந்து சேர்ந்தார். வெயிலில் காய்ந்த வடை அவர் பல்லைப் பதம்பார்த்திருந்தது.

"என்ன ஓய், கடை நடக்கிறதா?"

"திறந்திருக்கிறது, மகாராஜா!"

"உள்ளே என்ன இருக்கிறது?"

"கதவு இருக்கிறது."

"விளையாடுகிறீரா?"

தாண்டவராயருக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நிழலுக்கு வரி, புகைக்கு வரி, மூக்குக்கு எட்டினால் வரி! விறகு யானை விலை, வடை மட்டும் பழைய விலை. எல்லாம் போக அரண்மனைக்கு அறுபது சும்மா! முப்பத்தொரு கடை மூடினது அதிசயமில்லை, மகாராஜா. ஒன்பது கடை திறந்திருக்கிறதே, அதுதான் அதிசயம்!"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கால் நழுவியது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கழுதை நிமிர்ந்து பார்த்தது.

ராஜா செம்பாயி பக்கம் திரும்பினார். "அம்மா, ஒரு வடை என்ன விலை?"

அந்த வம்சத்தில் ஏழு தலைமுறையாக எவரும் கேட்காத கேள்வி. அவள் அடக்க விலையைச் சொன்னாள்.

"அவ்வளவா!"

"இதுல என் கூலியைச் சேர்க்கலை, மகாராசா."

"சேர்த்துச் சொல்."

சேர்த்துச் சொன்னாள். ராஜா இடுப்புப் பையை அவிழ்த்து, இரண்டு வடைக்குக் காசு கொடுத்தார். அன்றைக்கே ஆணை கிழிந்தது, அந்த வரிகளும் போயின. இனி எந்த வரி போடுவதானாலும் செம்பாயியைக் கேட்டுத்தான் என்று உத்தரவானது. தாண்டவராயர் கழுதைமேல் வால்பக்கம் பார்த்தபடி ஊர் சுற்றினார். பூட்டிய கடைகளில் இருபத்தாறு திறந்தன. மற்ற ஐந்து பேர் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், வரவில்லை.

மறுநாளிலிருந்து அரண்மனைக்கு இரண்டே வடை போதும் என்று சொல்லியனுப்பினார்கள். ஒரு மாதத்தில் சபையில் பாதிப்பேர் இளைத்துப்போனார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. தாண்டவராயர் வம்சத்தார் இன்னும் நம் பக்கத்தில் உத்தியோகம் பார்க்கிறார்களாம். யார் கேட்டாலும் சந்தையில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பேரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.