மாடியில் எண்ணிய வாக்குகள்

மலைநாட்டில் ஒரு சிறு கட்சி. ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல்முறையாக ஆள் நிறுத்தத் தீர்மானித்தது. வேட்பாளராக இருவர் முன்வந்தார்கள். ஒருவர் நகரத்து டொக்டர் குணநாயகம். மற்றவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அங்கம்மா. உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் டொக்டர் வென்றார்.

மறுநாள் காலை, தேர்வை நடத்திய பரஞ்சோதி வகுப்பக்காவைத் தேடி வந்தார். கட்சியின் ஞாயிறு வகுப்பை இருபது ஆண்டுகளாக நடத்திவரும் வேதவல்லிக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. பரஞ்சோதி படித்ததெல்லாம் அந்த வகுப்பில்தான். இப்போது அவருக்கே நாற்பத்தெட்டு வயது.

அக்கா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினாலு தோட்டக் கிளையும் கட்சி அட்டையைத் திருப்பித் தரப் போறாங்களாம், அக்கா."

"ஏன்?"

"நான் திருடிட்டேனாம்."

"திருடினியா?"

"நீங்களே கேக்குறீங்களே."

"ஊரே கேக்குது. நான் கேட்டா மட்டும் சுடுதா?"

பரஞ்சோதி தரையில் உட்கார்ந்தார். "ஒரு சீட்டுக்கூடத் தப்பா எண்ணல. அங்கம்மா பக்கத்து ஆளு முத்தையா கூடவே இருந்தாரு. முடிஞ்சதும் பெட்டி மேல பேப்பர் ஒட்டி அவரும் கையெழுத்துப் போட்டாரு."

"எங்க வச்சு எண்ணினீங்க?"

"ஆபிஸ்லதான். வேற எங்க?"

கட்சி ஆபிஸ் என்பது டொக்டரின் மருந்தகத்துக்கு மேலே ஒரு மாடி அறை. டொக்டர் கட்சிக்கென்று விட்டுக்கொடுத்தது.

"கதவு?"

"மழை அடிச்சது. சாத்திட்டோம்."

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"டீ வந்துச்சு. டொக்டர் வீட்டம்மா அனுப்பினாங்க. மூணு தடவை."

"கீழ தெருவுல யாரு நின்னா?"

"தோட்டத்துப் பொம்பளைங்க. மழைக்குப் படங்குத் துணியைத் தலையில போட்டுக்கிட்டு நின்னாங்க." பரஞ்சோதியின் குரல் தாழ்ந்தது. "டீ மூணு தடவை மேல போச்சே, ஓட்டு ஒரு தடவையாவது கீழ வந்துச்சான்னு கேக்குறாங்க. முத்தையாவுக்கு இப்ப டீ முத்தையான்னே பேரு."

அக்கா சிரித்தார். பரஞ்சோதி சிரிக்கவில்லை.

கட்சிகள் கொள்கையில் உடைகின்றன என்று கட்சிக்காரர்களாகிய நாங்கள் துண்டுப் பிரசுரங்களில் எழுதினோம். அந்தக் கட்சிகளில் பாதி மாடிப்படியில் உடைந்தவை.

"நேர்மையா நடந்தேன், அக்கா. அதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

அக்கா கையைக் கழுவினார்.

"பெட்டி எங்க?"

"என் வீட்டுல."

"எடுத்துட்டு வா."

அது ஒரு பிஸ்கட் தகரம். அதைச் சுமந்துகொண்டு இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பின்னால் வந்த டொக்டர் காரை நிறுத்தினார்.

"தோட்டத்துக்கா? ஏறுங்க, மழை வரப்போகுது."

"உங்க காருல இந்தப் பெட்டி ஏறாது, டொக்டர்," என்றார் அக்கா.

டொக்டர் தகரத்தைப் பார்த்தார். புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப குடையாவது?"

"அதுவும் வேணாம்."

டொக்டர் கோபப்படவில்லை. அவரும் நல்ல மனிதர்தான். அதனால்தான் அக்காவால் அவரிடம் அப்படிப் பேச முடிந்தது.

அவர்கள் நனைந்தபடி தோட்டத்துக்கு ஏறியபோது பகல் கொழுந்து நிறுத்து முடிந்திருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் வெறும் கூடைகளோடு நின்றார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

அக்கா தகரத்தை மேசைமேல் வைத்தார். "அங்கம்மா, நீங்களே எண்ணுங்க."

அங்கம்மா அதைத் தொடவில்லை. "தோத்தவ எண்ணினா டொக்டர் ஒத்துக்குவாரா?"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

பரஞ்சோதி அக்காவின் காதருகே குனிந்தார். "வெள்ளிக்கிழமை மனுத் தாக்கல். இவங்க வேற கணக்குச் சொன்னா கட்சி ரெண்டாப் போயிரும்."

"இப்ப ஒண்ணாவா இருக்கு?"

அங்கம்மா முத்தையாவைக் கூப்பிட்டு, ஒட்டிய பேப்பரில் அவர் கையெழுத்தைக் காட்டச் சொன்னார். பேப்பர் கிழியாமல் இருந்தது. பிறகு அங்கம்மாவே பிரித்தார். ஒருத்தி சீட்டை விரித்துக் காட்ட, இன்னொருத்தி பெயரை உரக்கச் சொல்ல, மடுவமே சேர்ந்து எண்ணியது. இரண்டு முறை எண்ணிக்கை தப்பிப்போய், இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பரஞ்சோதி கையைக் கட்டிக்கொண்டு தூண் ஓரமாக நின்றார்.

டொக்டருக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அங்கம்மாவுக்கு நானூற்று மூன்று.

தகரத்தின் அடியில் நூல் கட்டி இன்னும் மூன்று சீட்டுகள் இருந்தன.

"இது என்ன?" என்றார் அங்கம்மா.

"செல்லாதது. பென்சில்ல புள்ளடிக் குறி போடணும்ங்கிறது விதி. இதுல விரலை வச்சிருக்காங்க," என்றார் பரஞ்சோதி.

அங்கம்மா மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்தார். டொக்டரின் பெயருக்கு நேரே, மூன்றிலும் கட்டைவிரல் அடையாளம். மை இல்லை. கருத்துப்போன தேயிலைக் கறை.

பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். "நம்ம ஆளுகதான். யாருடி அது?"

"கேக்காத," என்றார் அங்கம்மா. மூன்று சீட்டுகளையும் டொக்டரின் சீட்டுக் கட்டோடு வைத்தார். "இதையும் அவருக்குச் சேத்துக்கங்க."

"விதிப்படி அது..." என்று தொடங்கினார் பரஞ்சோதி.

"விதியை எழுதினவங்களுக்குப் பென்சில் புடிக்கத் தெரியும். இவளுகளுக்குத் தெரியல. யாரு வேணும்னு தெரிஞ்சிருக்குல்ல?"

"ஒம்பதோட போயிருக்கும். இப்ப பன்னெண்டு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கையை வச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம் நீ."

பெண்கள் சிரித்தார்கள். அங்கம்மாவும் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரஞ்சோதியைப் பார்த்துக் கேட்டார்:

"டொக்டரு எங்க தோட்டத்துக்கு என்னைக்குப் பேச வர்றாரு? சம்பள நாளாப் பாத்து வரச் சொல்லுங்க. அன்னைக்குத்தான் ஆம்பளைங்களும் தோட்டத்துல நிப்பாங்க."

இறங்கும்போது மழை விட்டிருந்தது. பரஞ்சோதி தகரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"நேத்து வந்த முடிவுதானே, அக்கா. நேத்தே டொக்டர் ஜெயிச்சுட்டாரு."

"ஜெயிச்சாரு," என்றார் அக்கா. "அங்கம்மா இன்னைக்குத்தான் தோத்தா."