சாம்பல் பெட்டையின் முதுகு

"தாயி, எத்தனை கோழி வெச்சுக்கலாம்? ஒரு எண்ணு சொல்லுங்க."

கேட்டவர் ராக்கியப்பன்.

தாயி வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு கோழிக் கொட்டகை. மலை எப்படி இருந்தது, காற்று எப்படி வீசியது என்பதெல்லாம் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

தாயிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குரு அவர்தான். ராக்கியப்பன் லாரி ஓட்டி ஓய்ந்தவர், தலை முழுக்க நரை. அவர் சிஷ்யர். சிஷ்யர் குருவைத் தாயி என்பார். குரு சிஷ்யரை அண்ணா என்பார். அவர்களுக்கு இதில் குழப்பம் இல்லை. நமக்கு என்ன?

பக்கத்தில் முனியப்பன் கோயில். ஜனங்கள் சேவல் நேர்ந்துவிட்டு, வேண்டியது நடந்ததும் அங்கே கொண்டுவந்து அறுப்பார்கள். சிலருக்குக் கடைசி நேரத்தில் மனசு வராது. கையில் தீனி போட்டு வளர்த்த சேவலாச்சே. அப்படிப்பட்டவர்கள் நேராக மடத்துக்கு வந்துவிடுவார்கள்.

ராக்கியப்பன் வாங்கிக்கொள்வார்.

"இங்க உசுருக்குப் பயமில்லீங்க. நிம்மதியாப் போங்க."

அவர்கள் காலில் விழுவார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்பார். ஆனால் காலை நகர்த்த மாட்டார்.

அந்தக் கோயிலுக்கு யாரும் பெட்டைக்கோழி நேர்வதில்லை. வந்ததெல்லாம் சேவல். மடத்தில் முன்பே இருந்த பெட்டைகள் கொஞ்சம்தான். கொட்டகை முழுக்க இப்போது சேவல். விடிந்தால் அடைந்தால் அந்தப் பெட்டைகளைத் துரத்தித் துரத்தி மிதித்தன.

சாம்பல் நிறப் பெட்டை ஒன்று. அதன் முதுகில் இறகே இல்லை. தோல் கிழிந்து புண்ணாகிவிட்டது. தீனி தின்பதை விட்டுவிட்டது. மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. இப்படியே விட்டால் செத்துப்போகும்.

அதனால்தான் கேட்டார்.

"நீங்க ஒரு எண்ணு சொன்னா அதோட நிறுத்திக்கறேன் தாயி."

"அப்புறம் ஒருத்தர் சேவலோட வந்தா என்ன சொல்லுவீங்க?"

"தாயி போதும்னு சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றதுன்னு…"

தாயி சிரித்தார்.

"லாரியை இடிச்சாலும் கிளீனரைத்தான் கை காட்டுவீங்களாண்ணா?"

ராக்கியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வேறு யோசனையோடு வந்தார்.

"கொட்டகையைப் பெருசு பண்ணிட்டா?"

"பண்ணுங்க. பெருசா இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. இன்னும் வரும்."

"பெட்டைக்கோழி இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டா?"

"மிதிபட ஆள் சேர்க்கறீங்களா?"

தாயி வாளியைக் கீழே வைத்தார். சாம்பல் பெட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதுகில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினார். நிழலில் விட்டு, மூங்கில் பஞ்சாரத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்தார். உள்ளே தண்ணீர், ஒரு கை கம்பு.

"இதைத் தொறக்காதீங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ராக்கியப்பன் போய்ப் பார்த்தார். பெட்டை படுத்திருந்தது. வெயில் ஏறியதும் பார்த்தார். அப்படியே படுத்திருந்தது. உச்சிப் பொழுதிலும் கண் திறக்கவில்லை.

ஓடினார்.

"தாயி, முடிஞ்சிரும் போல இருக்குங்க. தட்டினாலும் அசைய மாட்டேங்குது. என்ன சீக்குன்னே தெரியலை."

தாயி வந்தார். குனிந்து மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"தூக்கம்."

"பட்டப்பகல்லயா?"

"இதுக்கு முன்னாடி யாரு தூங்க விட்டாங்க?"

தாயி போய்விட்டார்.

ராக்கியப்பன் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சேவல் வந்து பஞ்சாரத்தைச் சுற்றியது. துரத்தினார். இன்னொன்று வந்தது. அதையும் துரத்தினார். அடுத்து வந்தது அவரையே கொத்தியது. பொழுது சாயும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை.

சாயங்காலம் ராக்கியப்பன் தாயி முன்னால் போய் நின்றார்.

"சேவலைக் குறைச்சாகணும்."

"ம்."

"எதைக் குடுக்கறது, எதை வெச்சுக்கறது?"

"வாங்கினது யாரு?"

"நான்தாங்க."

தாயி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

"குடுத்தா அறுத்துருவாங்க தாயி."

"சில பேர் அறுப்பாங்க."

"உசுருக்குப் பயமில்லைன்னு வாக்குக் குடுத்தேனே."

"யாருக்கு?"

"கொண்டுவந்தவங்களுக்கு."

"சாம்பல் பெட்டைக்கு என்ன குடுத்தீங்க?"

ராக்கியப்பன் போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

அடுத்த நாளிலிருந்து சேவல்களின் காலைக் கட்டி சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பெட்டை இருந்து சேவல் இல்லாத வீடுகளைத் தேடித் தேடிக் கொடுத்தார். அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை இருக்கும்? சீக்கிரம் தீர்ந்துபோயின. மிச்சம் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வீட்டில் ஒரு அம்மா வாசலுக்கு வந்து கேட்டார்.

"வளர்க்கறதுக்குங்களா, கொழம்புக்குங்களா?"

வளர்க்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய் அறுத்திருப்பார். ராக்கியப்பனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க இஷ்டம்ங்க" என்றார்.

"மடத்துச் சேவலைக் கொழம்பு வெச்சா பாவமில்லீங்களா?"

"பாவம்னா எனக்கு வரட்டும். நீங்க சாப்பிடுங்க."

அன்றைக்கு மடத்துக்குத் திரும்பி வந்தவர் சோறு வேண்டாம் என்றார். தாயி ஏன் என்று கேட்கவில்லை. தாயியும் சாப்பிடவில்லை.

சேவல்களில் கறுப்பு ஒன்று மட்டும் கொட்டகையில் மிஞ்சியது. கிழடு. கூவுவதோடு சரி.

அமாவாசை வந்தது. கோயிலில் கூட்டம். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மடத்து வாசலில் வந்து நின்றார்கள். அவன் கையில் ஒயர் கூடை. கூடையிலிருந்து ஒரு செஞ்சேவல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பையனுக்குக் காய்ச்சல் விடணும்னு நேந்துக்கிட்டோமுங்க. விட்டிருச்சு" என்றாள் அவள். கண் வீங்கியிருந்தது. "இந்தச் சேவலை ராசுன்னு கூப்பிட்டா ஓடி வருவானுங்க. எப்படீங்க அறுக்கறது?"

"நேந்துக்கிட்டதும் இவதான். அழுகிறதும் இவதான். நடுவுல கூடை தூக்கறதுக்கு நான்" என்றான் அவன்.

"நீங்க சும்மா இருங்க."

ராக்கியப்பனின் கைகள் முன்னால் போய்விட்டன. பழக்கம்.

சேவலைத் தொட்டார். சூடாக இருந்தது. கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

திரும்பி நிழலைப் பார்த்தார். பஞ்சாரம் அங்கேயே இருந்தது. இடுக்கு வழியாகச் சாம்பல் பெட்டையின் முதுகு தெரிந்தது. புண் காய்ந்திருந்தது. இறகு இன்னும் சரியாக முளைக்கவில்லை. சின்னச் சின்னக் குருத்துகள்தான்.

கையை எடுத்துக்கொண்டார்.

"இடமில்லீங்கம்மா."

"கொட்டகை காலியாத்தான கெடக்குது?"

"இல்லீங்கம்மா. வாங்கறதில்லை."

"ஒண்ணே ஒண்ணுங்க."

"எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதாங்க கொண்டுவந்தாங்க."

"யாரு வேண்டாம்னாங்க? உங்க குருவா? நான் அவங்க கால்லயே விழுகிறேன்."

ராக்கியப்பன் தாயி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"நான்தாங்க வேண்டாம்னேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரிய மனசுக்காரர்னு ஊரெல்லாம் சொன்னாங்க. உங்களுக்கு இரக்கமே கெடையாதா?"

அவன் கூடையைத் தூக்கிக்கொண்டான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள். சேவல் கூடையிலிருந்து இவரையே பார்த்தது.

வெளியே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கோயிலுக்கு, ஒன்று பஸ் நிறுத்தத்துக்கு. எந்தப் பக்கம் போனார்கள் என்று ராக்கியப்பன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, எனக்கு இரக்கமே இல்லைன்னுட்டாங்க."

தாயி எழுந்து போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினார்.

சாம்பல் பெட்டை வெளியே வந்தது. கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது.

பிறகு வெயிலுக்கு நடந்துபோய், தரையில் குழி பறித்து, சாய்ந்து படுத்து, மண்ணை வாரி வாரித் தன் முதுகில் போட்டுக் குளித்தது.