பேச்சி அத்தையின் விரல்கள்

நாவல் மரங்கள் சூழ்ந்த குளக்கரையில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. மாலையானால் ஒன்றின் தலையை ஒன்று மடியில் வாங்கிப் பேன் பொறுக்கும். அதுதான் அவற்றின் பாசம். பொறுக்க வந்த கையைத் தட்டிவிட்டால் அத்தோடு உறவு அறுந்தது என்று பொருள்.

செம்பி என்ற இளம் குரங்குக்கு முகமெல்லாம் பரு வந்தது.

“அடியே, வா இங்கே! பலாச்சுளையை மூக்குமுட்டத் தின்னா இப்படித்தான்!” என்றாள் பேச்சி அத்தை. அந்தக் கூட்டத்திலேயே நுணுக்கமான விரல்கள் அவளுக்கு. ஒரு பருவையும் விடாமல் கிள்ளினாள். கிள்ளிய இடமெல்லாம் சீழ் கட்டியது. அதையும் கிள்ளினாள்.

கண்ணோரப் பரு வீங்கி, செம்பியின் ஒரு கண் மூடிக்கொண்டது. ஒற்றைக் கண்ணோடு தாவியவள் கிளையைத் தவறவிட்டுக் குளத்தில் விழுந்தாள். அங்கே கிடந்த முதலை நெருங்குவதற்குள் வேரைப் பற்றிக் கரையேறிவிட்டாள். ஈரம் சொட்டச் சொட்டக் கரடி வைத்தியரிடம் ஓடினாள்.

“இந்தப் பரு பலாப்பழத்தாலயா வந்துச்சு?” என்று கேட்டாள்.

“பழத்தின் மேல் பழி போடாதே! உன் வயதில் தோலுக்கு அடியில் எண்ணெய் அதிகம் சுரக்கும். அது வெளியேறும் துளை அடைத்தால் பரு. உள்ளே கிருமி பெருகினால் வீக்கம். நகம் பட்டால் புண் ஆழமாகும், வடு விழும்.”

கரடி அவள் கண்ணுக்கு மருந்திட்டது. பருவுக்குக் களிம்பு கொடுத்தது. “மெல்லியதாகப் பூசு. முகத்தைத் தேய்த்துக் கழுவாதே. பலன் தெரிய இரண்டு பௌர்ணமியாவது ஆகும். அதுவரை யார் கையும் முகத்தில் படக்கூடாது.”

“அத்தை கையுமா?”

“முதலில் அந்தக் கைதான்!”

அன்று மாலை அத்தையின் விரல்கள் நீண்டன. “தொடாதீங்க அத்தை!” என்று செம்பி விலகினாள்.

“ஓகோ! நேத்து வரைக்கும் இனிச்ச கை இன்னைக்குக் கசக்குதோ?” அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மற்றவையும் திரும்பிக்கொண்டன.

களிம்பு பட்ட முகம் முதலில் வறண்டு தோலுரிந்தது. “பேரழகி வர்றா, வழி விடுங்க!” என்று குட்டிகள் கத்தின. செம்பியின் தலையை மடியில் வாங்க யாரும் இல்லை. பசியைவிட அது கொடுமையாக இருந்தது. ஒருநாள் களிம்பையே தூக்கி எறியப் பார்த்தாள். எறியவில்லை. நேரே அத்தையிடம் போனாள்.

“முகம் மட்டும் வேண்டாம் அத்தை. முதுகு முழுக்க உங்களுக்குத்தான்.”

“திரும்புடி” என்றாள் அத்தை.

மழை தொடங்கியபோது பருக்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. கண்ணோரம் மட்டும் சில குழிகள் நின்றன.

“இது ஏன் இன்னும் போகல?” என்று கேட்டாள் அத்தை.

“அது நீங்க கிள்ளினது. இனிமே போகாது.”

அத்தை தன் விரல்களை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறுகிற புண்ணை ஆறவிட்டுக் கையை அடக்கிக்கொள்வதும் அன்புதான்.